பதிவேடுகளுக்கு நடுவே தொலையும் குழந்தைகள்: புத்தொழில் தேர்வுக் குழுவினருக்கு ஒரு திறந்த மடல்

மதிப்பிற்குரிய தேர்வுக் குழுவினருக்கும் போட்டியை நடத்தும் அதிகாரிகளுக்கும்,

குழந்தைத் தொழிலாளர் முறையையும் குழந்தைக் கடத்தலையும் தடுக்கும் புத்தொழில் யோசனைகளுக்காக நீங்கள் அறிவித்திருக்கும் போட்டியின் விதிமுறைகளை எங்களால் ஏற்க முடியவில்லை. 36 மணி நேரத்தில் ஒரு மாதிரிச் செயலி செய்ய வேண்டும். ஐந்து நிமிடத்தில் அதை விளக்க வேண்டும். மதிப்பெண்ணில் பெரும்பகுதி செயற்கை நுண்ணறிவுக்கும் வருவாய் வாய்ப்புக்கும் போகிறது. ஒரு பள்ளித் தலைமையாசிரியரோ, தொழிலாளர் உதவி ஆய்வாளரோ, குழந்தைகள் நலக் குழு உறுப்பினரோ அந்தச் செயலியைக் கையில் வாங்கிப் பயன்படுத்திப் பார்த்தார்களா என்பதற்கு ஒரு மதிப்பெண்கூட இல்லை. மாதிரியாக நீங்களே சுட்டியிருக்கும் யோசனைகள் மூன்று: முகத்தை வைத்துக் குழந்தையை அடையாளம் காணும் செயலி, குழந்தைகளுக்கான அபாயப் பொத்தான், வேலை செய்யும் குழந்தையைப் பொதுமக்கள் படம் எடுத்து அனுப்பும் தளம். மூன்றுமே குழந்தை வீட்டை விட்டு வேலையிடம் போன பிறகு தொடங்குபவை. போட்டியின் தலைப்பில் ‘தடுப்பு’ என்ற சொல் இருக்கிறது. அந்தச் சொல்லுக்கு உரிய வேலைக்கு நிதி ஒதுக்கும்படி கேட்கவே இம்மடல்.

முதலில் அந்த மூன்று யோசனைகளும் ஏன் பயன்படாது என்பதைச் சொல்லிவிடுகிறோம்.

முக அடையாளத் தொழில்நுட்பம் இந்தியாவில் ஏற்கெனவே சோதிக்கப்பட்டுவிட்டது. 2018 ஏப்ரலில், காப்பகங்களில் இருந்த சுமார் 45,000 குழந்தைகளின் படங்களோடு ஒப்பிட்டு, நான்கே நாளில் 3,000-க்குச் சற்றுக் குறைவான குழந்தைகளை டெல்லி காவல்துறை அடையாளம் கண்டதாகச் செய்தி வந்தது. இன்றுவரை விளக்கவுரைகளில் மேற்கோள் காட்டப்படுவது அந்தச் செய்திதான். அதே ஆண்டு ஆகஸ்டில், அந்த மென்பொருளின் துல்லியம் இரண்டு சதவீதம் என்று டெல்லி உயர் நீதிமன்றத்தில் சொல்லப்பட்டது. 2019-இல் அது ஒரு சதவீதத்துக்கும் கீழ் என்றும், ஆண் குழந்தையா பெண் குழந்தையா என்றுகூட அதற்குப் பிரித்தறிய முடியவில்லை என்றும் ஒன்றிய அரசின் மகளிர், குழந்தைகள் மேம்பாட்டு அமைச்சகமே தெரிவித்தது. இந்தப் பிற்பகுதியை யாரும் திரையில் காட்டுவதில்லை. மென்பொருள் இன்று தேறியிருக்கலாம், கணக்கு மாறவில்லை. ஒரு லட்சம் படங்கள் உள்ள தொகுப்பில் தேடும்போது பிழைப் பொருத்தம் ஆயிரத்துக்கு ஒன்று என்று வைத்துக்கொண்டாலும், ஒவ்வொரு தேடலுக்கும் 100 தவறான முகங்கள் வந்து நிற்கும். ஆறு வயதில் எடுத்த படம், பன்னிரண்டு வயதில் வெயிலில் கருத்து மெலிந்த முகம் என்றால் பிழை இன்னும் கூடும். அந்த நூறு பேரையும் நேரில் சரிபார்க்க மாவட்டக் குழந்தைகள் பாதுகாப்பு அலகில் ஆள் இல்லை.

அபாயப் பொத்தானுக்குக் கைபேசி வேண்டும். டெல்டா வயல்களில் கிடை ஆடுகளோடு நகரும் சிறுவனிடமும், வாத்து மேய்க்க அடகு வைக்கப்பட்ட இருளர் குழந்தையிடமும் கைபேசி கிடையாது. மில் விடுதியில் இருக்கும் பெண்ணின் கைபேசி வார்டனின் அலமாரியில் இருக்கும்.

படம் எடுத்து அனுப்பும் தளம் ஆபத்தானது. புகார் சொல்ல வழியில்லை என்ற குறை நாட்டில் இல்லை: குழந்தைகளுக்கான உதவி எண் 1098 இருக்கிறது, அவசர எண் 112 இருக்கிறது, குழந்தைத் தொழிலாளர் பற்றிப் புகார் தர 2017 முதல் ஒன்றிய அரசின் பென்சில் இணையதளம் இருக்கிறது. இளைஞர் நீதிச் சட்டத்தின் 74-ஆம் பிரிவு, பாதுகாப்பு தேவைப்படும் குழந்தையின் அடையாளத்தை வெளியிடுவதற்கு ஆறு மாதம் வரை சிறையோ இரண்டு லட்ச ரூபாய் வரை அபராதமோ இரண்டுமோ விதிக்கிறது. விளக்கவுரைத் திரையில் மீட்கப்பட்ட குழந்தையின் முகத்தைக் காட்டும் போட்டியாளர்களை நடுவர்கள் கைதட்டி வரவேற்பதை நிறுத்த வேண்டும். ஊரார் கையில் படமும் சந்தேகமும் சேர்ந்தால் என்ன நடக்கும் என்பதும் நமக்குத் தெரியும். 2018 மே மாதம், குழந்தை கடத்துபவர் என்ற வாட்ஸ்அப் வதந்தியால் திருவண்ணாமலை மாவட்டத்தில் ஒரு மூதாட்டி அடித்துக் கொல்லப்பட்டார். அவர் குலதெய்வக் கோயிலைத் தேடி வந்தவர்.

இனித் தடுப்புக்கு வருகிறோம். ஒரு குழந்தை வகுப்பறையிலிருந்து சூளைக்கோ மில்லுக்கோ போய்ச் சேர்வதற்குள் பல பதிவேடுகளைக் கடக்கிறது. பள்ளி வருகைப் பதிவு, முன்பணம் கொடுத்தவரின் நோட்டு, வேலையிடத்தின் ஆள் பட்டியல், மீட்கப்பட்டால் குழந்தைகள் நலக் குழுவின் கோப்பு. ஒவ்வொன்றும் ஒவ்வொரு துறையிடம், அல்லது முதலாளியிடம். ஒன்றில் பெயர் மறையும்போது அடுத்தது விழித்துக்கொள்வதில்லை. புத்தொழில் நிறுவனங்கள் உழைக்க வேண்டிய இடம் இந்த இடைவெளிதான்.

பள்ளியில் தொடங்குவோம். தமிழ்நாட்டில் ஒவ்வொரு மாணவருக்கும் எமிஸ் எண், அதாவது பள்ளிக் கல்வித் துறையின் தரவுத் தளத்தில் ஒரு தனி எண், இருக்கிறது. வருகை தினமும் செயலியில் பதிவாகிறது. மாற்றுச் சான்றிதழ் வாங்கியதும் அந்த மாணவரின் பதிவு பழைய பள்ளியிலிருந்து ‘காமன் பூல்’ என்னும் பொதுத் தொகுப்புக்குப் போகிறது. புதிய பள்ளி அங்கிருந்து எடுத்துக்கொள்ள வேண்டும். ஒன்றிய அரசின் பள்ளித் தரவுத் தளமான யுடைஸ் பிளஸ்ஸில் ‘டிராப் பாக்ஸ்’ இதே வேலையைச் செய்கிறது. ஒரு பெயர் அந்தத் தொகுப்பில் எத்தனை நாள் கிடக்கிறது என்பதைவிட மலிவான எச்சரிக்கை வேறு இல்லை. எட்டாம் வகுப்பு முடித்து டி.சி. வாங்கிய பெண் ஜூன் மாதம் எந்தப் பள்ளியிலும் எடுக்கப்படவில்லை என்றால், ஜூலைக்குள் யாராவது அவள் வீட்டுக் கதவைத் தட்டியாக வேண்டும். இதற்குச் செயற்கை நுண்ணறிவு வேண்டாம். தேதியைக் கழித்துப் பார்க்கத் தெரிந்தால் போதும்.

ஆனால் எளிதாகச் செய்தால் இதுவும் கெட்டுப்போகும். ஒரு ஊராட்சி ஒன்றியத்தில் 10,000 மாணவர்கள் இருப்பதாக வைத்துக்கொள்வோம். மூன்று நாள் வராதவர்களையெல்லாம் பட்டியலிட்டால் திருவிழா, காய்ச்சல், அறுவடை எல்லாம் சேர்ந்து ஒரே வாரத்தில் முந்நூறு பெயர் வரும். களப்பணியாளர் ஒருவரால் ஒரு நாளில் நான்கைந்து வீட்டுக்குத்தான் போக முடியும். இரண்டாவது வாரம் அவர் பட்டியலைத் திறக்கவே மாட்டார். ஆகவே வரிசைப்படுத்துவதுதான் உண்மையான வேலை. வராத குழந்தையின் அண்ணன் தம்பியும் அதே நாளிலிருந்து வரவில்லையா? அப்படியானால் குடும்பமே இடம்பெயர்ந்திருக்கிறது. சூளை, கரும்பு வெட்டு, கிடை என்று தேட வேண்டும். ஒரு குழந்தை மட்டும் வராமல் மற்றவர்கள் வருகிறார்களா? அப்படியானால் தனியாக அனுப்பப்பட்டிருக்க வாய்ப்பு அதிகம். அந்தப் பெயர் மேலே வர வேண்டும். அதே தெருவிலிருந்து அதே வயதுடைய இரண்டு மூன்று பையன்கள் ஒரே வாரத்தில் நின்றிருந்தால் ஊருக்குள் ஏஜென்ட் வந்திருக்கிறார். உசிலம்பட்டிப் பகுதியிலிருந்து வெளிமாநில முறுக்குக் கம்பெனிகளுக்குப் பையன்கள் கூட்டிச் செல்லப்பட்டதெல்லாம் இப்படித்தான்: பெற்றோர் கையில் முன்பணம், பிறகு ரயில். எந்த ஊர் என்பதுகூட வீட்டில் தெரியாது.

பெயர்ப் பொருத்தம் இன்னொரு கண்ணி. பள்ளியில் ‘செ. கார்த்திக்’, ஆதாரில் ‘கார்த்திக் செல்வம்’, ரேஷன் அட்டையில் ‘கார்த்தி’. ஒடியா, வங்காளிப் பெயர்கள் ஆங்கில எழுத்து வழியாகத் தமிழுக்கு வரும்போது மூன்று வடிவம் எடுக்கும். எழுத்துக்கு எழுத்து ஒப்பிடும் மென்பொருள் ஒரே குழந்தையை மூன்றாகக் காட்டும், அல்லது இரண்டு குழந்தைகளை ஒன்றாக்கிவிடும். ஒலிப்பை வைத்து ஒப்பிட்டு, தந்தை பெயர், பிறந்த ஆண்டு, ஊர் மூன்றையும் சேர்த்துப் பார்த்து, கடைசி முடிவை மனிதரிடம் விடும் கருவிதான் நிற்கும். தமிழ்ப் பெயர்களுக்கென்று இப்படி ஒரு பொருத்தும் நூலகத்தை யாராவது ஒழுங்காகச் செய்து எல்லாத் துறைக்கும் இலவசமாகக் கொடுத்தால், அதுவே உங்கள் முதல் பரிசுக்குத் தகுதியானது.

அடுத்து வயது. ஏற்கெனவே பாதி வழி வந்துவிட்ட குழந்தையை வேலையிடத்து வாசலில் தடுக்கக்கூடிய ஒரே இடம் இது. ஆட்களைச் சேர்க்கும்போது பெரும்பாலும் கேட்கப்படுவது ஆதார் நகல்தான். ஆதாரில் உள்ள தேதியை வயதுக்குச் சான்றாகக் கொள்ள முடியாது என்று 2024 அக்டோபரில் உச்ச நீதிமன்றம் ஒரு வழக்கில் சொல்லிவிட்டது. இளைஞர் நீதிச் சட்டத்தின் 94-ஆம் பிரிவில் வரிசை தெளிவாக இருக்கிறது: முதலில் பள்ளி தந்த பிறந்த தேதிச் சான்று அல்லது பத்தாம் வகுப்புச் சான்றிதழ், அது இல்லாவிட்டால் உள்ளாட்சி அமைப்பு தந்த பிறப்புச் சான்று, இரண்டும் இல்லாதபோது மட்டுமே எலும்பு வளர்ச்சிச் சோதனை. அந்தச் சோதனையில் இரண்டு ஆண்டு வரை கூடவோ குறையவோ வரலாம் என்பதை நீதிமன்றங்கள் ஏற்றிருக்கின்றன. பதினாறு வயதுப் பெண்ணைப் பதினெட்டு என்று காட்ட அந்த இரண்டு ஆண்டு போதும்.

ஏமாற்று இரண்டு வகை. ஒன்று, ஜெராக்ஸில் ஆண்டை மாற்றுவது. ஆதாரின் கியூஆர் குறியீட்டை வருடினால் இது உடனே பிடிபடும், ஏனென்றால் அதில் மின்கையொப்பமிட்ட விவரமும் படமும் இருக்கின்றன. மற்றொன்று, அக்காவின் ஆதாரைத் தங்கை கொண்டுவருவது. இதைக் கியூஆர் பிடிக்காது. சிறிய, பழைய படத்தில் அக்கா தங்கை ஒரே சாயலாக இருப்பார்கள். பள்ளிப் பதிவேட்டோடு இணைத்துக் கேட்டால்தான் தெரியும்.

இதற்கு நாங்கள் கேட்கும் கருவி மிகச் சிறியது. வேலைக்குச் சேர்ப்பவர் எமிஸ் எண்ணையோ, பெயர், தந்தை பெயர், படித்த பள்ளி ஆகிய மூன்றையுமோ கொடுக்க வேண்டும். பதில் மூன்றில் ஒன்றாக மட்டும் இருக்க வேண்டும்: 18 முடிந்தது, முடியவில்லை, தெரியவில்லை. பிறந்த தேதியோ முகவரியோ திரும்ப வரக் கூடாது. வந்தால் ஏஜென்ட்டுக்கு நாமே பட்டியல் தயாரித்துக் கொடுத்தது போலாகிவிடும். ஒரு நிறுவனம் ஒரு நாளில் கேட்கக்கூடிய எண்ணிக்கைக்கு வரம்பு வேண்டும். ஒவ்வொரு கேள்வியும் பதிவாகித் தொழிலாளர் துறைக்குத் தெரிய வேண்டும். ‘முடியவில்லை’ என்ற பதில் நிறுவனத்தோடு நின்றுவிடக் கூடாது; குழந்தையின் சொந்த மாவட்டப் பாதுகாப்பு அலகுக்குப் போக வேண்டும். இல்லாவிட்டால் அந்தப் பெண் அடுத்த மில்லுக்கு அழைத்துச் செல்லப்படுவாள். ஒரே பெயர் ஒரே வாரத்தில் மூன்று மில்லில் கேட்கப்பட்டால், அவள் ஒரு புரோக்கரின் கையில் இருக்கிறாள். ‘தெரியவில்லை’ என்ற பதிலுக்கு உடனே வேலையை மறுக்கும்படி செய்துவிடக் கூடாது. அசாமிலிருந்தோ ஜார்க்கண்டிலிருந்தோ வந்த பத்தொன்பது வயதுப் பெண் அதனால் பிழைப்பை இழப்பாள். அங்கே கையால் சரிபார்க்கும் வழிமுறையும் ஒரு காலக்கெடுவும் வேண்டும்.

14 முதல் 18 வரை உள்ளவர்களுக்குச் சட்டம் வேறு. 1986-ஆம் ஆண்டின் குழந்தைத் தொழிலாளர் சட்டம் 2016-இல் திருத்தப்பட்டது. 14-க்குக் கீழே, குடும்பத் தொழிலில் பள்ளி நேரம் போக உதவுவது, கலைஞராக நடிப்பது ஆகிய விலக்குகள் தவிர எந்த வேலையும் கூடாது. 14 முதல் 18 வரை அபாயகரமான தொழில்கள் கூடாது. மற்ற வேலைகளில் வைத்தாலும் இரவு 7 முதல் காலை 8 வரை வேலை வாங்கக் கூடாது, மிகைநேரம் கூடாது, மூன்று மணி நேரத்துக்கு மேல் இடைவேளையின்றி வேலை வாங்கக் கூடாது. மில்களில் ஷிப்ட் வருகையைப் பதிவுசெய்யும் இயந்திரம் இருக்கிறது. வயதையும் அந்த நேரத்தையும் பக்கத்தில் வைத்தாலே மீறல் தெரிந்துவிடும். ‘சுமங்கலித் திட்டம்’ என்ற பெயரில் மூன்றாண்டு முடிவில் மொத்தத் தொகை என்று சொல்லி விடுதியில் வைத்து வேலை வாங்கிய மில்களிலும் நேரப் பதிவு இருந்தது. அதை வெளியிலிருந்து பார்க்கும் உரிமை யாருக்கும் இல்லாததுதான் குறை.

செங்கல் சூளையில் கணக்கு வேறு மாதிரி. ஒடிசாவின் பலாங்கிர், நுவாபடா மாவட்டங்களிலிருந்து திருவள்ளூர், காஞ்சிபுரம் பகுதிச் சூளைகளுக்கு வரும் குடும்பங்கள் நுவாக்காய் பண்டிகையையொட்டி முன்பணம் வாங்குகின்றன. மழை ஓய்ந்ததும் வந்து கோடை முடியும் வரை இருக்கின்றன. கூலி ஆளுக்கு அல்ல, ஆயிரம் கல்லுக்கு. எனவே குழந்தை எந்த ஆள் பட்டியலிலும் வராது. அதன் உழைப்பு தகப்பன் பெயரில் எழுதப்படும். பச்சைக் கல்லைப் புரட்டிக் காயவைப்பதும் அடுக்குவதும் சிறு கைகளின் வேலை. இங்கே வயது சரிபார்க்கும் எந்தச் செயலியும் பயனற்றது. கல் கணக்கைத்தான் பார்க்க வேண்டும். இரண்டு பெரியவர்கள் எட்டு மணி நேரத்தில் எத்தனை கல் அறுத்து, புரட்டி, அடுக்க முடியும் என்பதைத் தொழிலாளர் துறை நேரில் அளந்து ஒரு வரம்பு வைக்கட்டும். நோட்டில் அதற்கு மேல் தொடர்ந்து எழுதப்பட்டிருந்தால், அங்கே குழந்தை வேலை செய்கிறது அல்லது பெரியவர்கள் இரவு பகலாக வேலை வாங்கப்படுகிறார்கள். இரண்டுமே ஆய்வுக்கு உரியவை. நோட்டுப் பக்கத்தைப் படமெடுத்து எண்ணாக மாற்றும் கருவி, ஒவ்வொரு குடும்பத்துக்கும் தனியாக முன்பணம், கழித்தது, மீதி ஆகியவற்றை ஒடியாவில் குரலாகச் சொல்லும் கருவி, இவை இரண்டும் செய்யக்கூடியவை. திருவள்ளூரில் சூளைக் குழந்தைகளுக்கு ஒடியா பாடநூல்களோடு வகுப்புகள் நடந்திருக்கின்றன. ஊர் திரும்பும்போது அந்த வகுப்பின் பதிவும் குழந்தையோடு போக வேண்டும். போகாவிட்டால் அங்கே ‘நீண்ட நாள் வராதவர்’ என்று பெயர் நீங்கும். அடுத்த ஆண்டு அந்தக் குழந்தை எந்த மாநிலத்தின் கணக்கிலும் இருக்காது.

ரயில் நிலையங்களைப் பற்றிச் சுருக்கமாக. தன்பாத்–ஆலப்புழை போன்ற வண்டிகளில் கூட்டிவரப்படும் பிள்ளைகள் பெரும்பாலும் முன்பதிவில்லாப் பெட்டியில் வருகிறார்கள். ஆகவே பயணச்சீட்டுத் தரவை அலசும் யோசனைகள் வீண். வண்டி நிற்கும் சில நிமிடங்களில் ரயில்வே பாதுகாப்புப் படையினர் பெட்டி முழுவதையும் பார்க்க முடியாது. முந்தைய நிலையத்தில் ஒருவருக்கு ஐயம் எழுந்தால் பெட்டியின் இடமும் பிள்ளைகளின் எண்ணிக்கையும் அடுத்த இரண்டு நிலையங்களுக்கு உடனே போக வேண்டும். பிள்ளைகளைத் தனித்தனியே கேட்க இந்தி, ஒடியா, வங்காளம், சந்தாலி மொழிகளில் பதிவுசெய்த குரல் கேள்விகள் ஐந்தாறு போதும். கூட வந்தவர் பெயர் என்ன, யார் சீட்டு எடுத்தார்கள், வீட்டில் யாருடைய எண் தெரியும். எல்லோரும் ஒரே எண்ணைச் சொன்னால், அல்லது யாருக்கும் எந்த எண்ணும் தெரியாவிட்டால், மேற்கொண்டு விசாரிக்கப் போதுமான காரணம் அது.

மீட்புக்குப் பிறகான பகுதியில்தான் யாருக்கும் அக்கறை இல்லை, ஏனென்றால் அங்கே படம் எடுக்க எதுவும் இல்லை. 24 மணி நேரத்துக்குள் குழந்தை குழந்தைகள் நலக் குழுவின் முன் நிற்க வேண்டும். கொத்தடிமை என்றால் கோட்டாட்சியர் விடுதலைச் சான்றிதழ் தர வேண்டும். 2016-இல் வந்து பின்னர் திருத்தப்பட்ட மறுவாழ்வுத் திட்டப்படி உடனடி உதவி 30,000 ரூபாய் வரை உண்டு. குழந்தைக்கான இரண்டு லட்சம், கொடுமையான வழக்குகளில் மூன்று லட்சம் என்னும் முழுத் தொகை, வழக்கில் தண்டனை கிடைப்பதோடு கட்டப்பட்டிருக்கிறது. குழந்தைத் தொழிலாளர் சட்டத்தின் கீழ் முதலாளி கட்டும் அபராதமும், குழந்தைக்கு 15,000 ரூபாய் என அரசு தரும் பங்கும் மறுவாழ்வு நிதிக்குப் போக வேண்டும். இத்தனையும் ஏட்டில் சரியாக இருக்கிறது. நடைமுறையில் அறுந்துபோகும் இடங்கள் பல: சான்றிதழ் ஒரு மாவட்டத்தில், குழந்தையின் வீடு வேறு மாநிலத்தில், வங்கிக் கணக்குக்குக் காப்பாளராக வருபவர் முன்பணம் வாங்கிய அதே தகப்பன், விசாரணைக்கு அழைப்பாணை வரும்போது குடும்பம் வேறு சூளையில். கடன் தீராத வீட்டுக்குத் திரும்பிய குழந்தை மறுபடி அனுப்பப்படுகிறது. சான்றிதழ், கணக்கு, பள்ளிச் சேர்க்கை, வழக்கு ஆகிய நான்கும் எந்த நிலையில் இருக்கின்றன என்பதை ஒரே பக்கத்தில் காட்டி, கெடு தாண்டியதும் பெயர் சொல்லி ஒரு அதிகாரிக்கு நினைவூட்டும் கருவியை எந்தப் போட்டியிலும் நாங்கள் பார்த்ததில்லை.

கருவி செய்பவர்கள் முன்கூட்டியே அறிய வேண்டிய சில தடைகளையும் சொல்கிறோம். தமிழ் யூனிகோடில் ஒரு குறுஞ்செய்திக்கு 70 குறியீடுகள்தான் இடம். ‘கொ’ என்ற ஒரே எழுத்து இரண்டு குறியீடாக எண்ணப்படும். அதைத் தாண்டினால் செய்தி உடைந்து, கட்டணம் இரட்டிப்பாகும். மொத்தக் குறுஞ்செய்தி அனுப்ப அனுப்புநர் பெயரையும் வாசகத்தையும் தொலைத்தொடர்பு நிறுவனங்களின் டி.எல்.டி. என்னும் பதிவுத் தளத்தில் முன்பே பதிவுசெய்ய வேண்டும். இதில் பல சோதனை முயற்சிகள் தொடங்கும் முன்பே நின்றுவிடுகின்றன. சூளையிலும் வயலிலும் சிக்னல் இருக்காது, எனவே இணையம் இல்லாதபோதும் பதிவை வாங்கி வைத்துக்கொண்டு, பிறகு அனுப்பக் கருவிக்குத் தெரிய வேண்டும். உள்நுழைய ஓ.டி.பி. கேட்காதீர்கள், சிம் மேஸ்திரியிடம் இருக்கும். ஆய்வுக்குப் போகும் இடமும் தேதியும் யார் திரையில் தெரிகிறது என்பதைக் கட்டுப்படுத்துங்கள், யார் திறந்து பார்த்தார்கள் என்பதைப் பதிவுசெய்யுங்கள். குழு போய் இறங்கும்போது குழந்தைகள் பின்வாசல் வழியே ஏற்கெனவே போயிருந்தால், செய்தி கசிந்தது பெரும்பாலும் உள்ளிருந்துதான்.

2023-ஆம் ஆண்டின் டிஜிட்டல் தனிநபர் தரவுப் பாதுகாப்புச் சட்டம், 18 வயதுக்குட்பட்டோரின் தரவுக்குப் பெற்றோரின் சரிபார்க்கத்தக்க ஒப்புதலைக் கேட்கிறது. சில விலக்குகள் போக, குழந்தைகளைப் பின்தொடர்வதைத் தடுக்கிறது. கடத்தலில் பெற்றோரே பணம் வாங்கியிருக்கக்கூடும். அந்த ஒப்புதலுக்கு என்ன மதிப்பு? எனவே தனியார் நிறுவனம் குழந்தைகளின் தரவைத் தன் சர்வரில் வைக்கும் எந்தத் திட்டத்தையும் தொடக்கத்திலேயே ஒதுக்குங்கள். தரவு, சட்டப்படி அதற்குப் பொறுப்பான துறையிடம் இருக்கட்டும். நிறுவனம் கருவியை மட்டும் தரட்டும்.

வருவாய்க் கேள்விக்கும் நேராகவே பதில் சொல்கிறோம். இந்த வேலையால் பயன்பெறும் குழந்தையிடமோ பெற்றோரிடமோ காசு வாங்க முடியாது. முதலாளியிடம் காசு வாங்கி ‘குழந்தைத் தொழிலாளர் அற்ற நிறுவனம்’ என்று சான்றளிக்கும் நிறுவனங்கள் இருக்கின்றன. காசு கொடுப்பவரைக் குற்றம் சொல்லும் அறிக்கையை அவர்கள் ஏன் எழுதுவார்கள்? முன்னறிவிப்போடு வரும் தணிக்கையில் எந்தக் குழந்தை அகப்படும்? வாடிக்கையாளர் அரசாகத்தான் இருக்க முடியும். ஆகவே ‘வருவாய் வாய்ப்பு’ என்ற தலைப்பில் நீங்கள் தரும் மதிப்பெண், நேர்மையான குழுவைத் தோற்கடித்துச் சான்றிதழ் விற்பவரை ஜெயிக்க வைக்கிறது.

உங்களிடம் நாங்கள் கேட்பவை இவை.

போட்டியின் விதிகளை, விண்ணப்பம் முடியும் முன்பே மாற்றி வெளியிடுங்கள். 36 மணி நேரச் செயலிக்குப் பதிலாக, ஒரு ஒன்றியத்தில், ஒரு கல்வியாண்டு முழுதும் நடக்கும் களச் சோதனைக்கு நிதி கொடுங்கள். மே மாத விடுமுறையும் ஜூன் பள்ளித் திறப்பும் சூளைக்கு ஆள் வரும் பருவமும் அந்தச் சோதனைக்குள் வர வேண்டும்.

மதிப்பெண்ணில் பாதியையாவது கருவியைப் பயன்படுத்தப் போகிறவர்களிடம் விடுங்கள். தலைமையாசிரியர், தொழிலாளர் ஆய்வாளர், குழந்தைகள் நலக் குழு உறுப்பினர், 1098 அழைப்பை எடுப்பவர், சிறுவயதில் வேலைக்கு அனுப்பப்பட்டு இன்று பெரியவர்களாக இருப்பவர்கள் ஆகியோர் நடுவர்களாக அமர வேண்டும்.

முக அடையாளம், குழந்தையின் இருப்பிடத்தைப் பின்தொடர்தல், பொதுமக்களிடமிருந்து படம் திரட்டுதல் ஆகிய மூன்றையும் நிதி பெறத் தகுதியற்றவை என்று எழுத்தில் அறிவியுங்கள். விளக்கவுரையில் குழந்தையின் முகமோ பெயரோ வந்தால் அந்தக் குழு நீக்கப்படும் என்றும் சேருங்கள்.

பள்ளிக் கல்வி, தொழிலாளர், குழந்தைகள் நலம் ஆகிய மூன்று துறைகளையும் உட்கார வைத்து, பொதுத் தொகுப்பில் தேங்கிய பெயர்களின் எண்ணிக்கையை ஒன்றியவாரியாகவும் மாதவாரியாகவும் வெளியிட ஏற்பாடு செய்யுங்கள். பெயர் வேண்டாம், எண்ணிக்கை போதும். மேலே சொன்ன ‘முடிந்தது, முடியவில்லை, தெரியவில்லை’ சரிபார்ப்புக்கு எமிஸ் தளத்தில் ஒரு பாதுகாப்பான வாயிலையும் திறந்துவிடுங்கள். அது இல்லாமல் எந்தப் புத்தொழில் நிறுவனமும் பொய்த் தரவை வைத்துத்தான் மாதிரி காட்ட முடியும்.

தேர்வாகும் கருவியைத் துறையே மூன்று ஆண்டுக்கு வாங்கும் ஒப்பந்தத்தைப் பரிசோடு சேர்த்துக் கொடுங்கள். பராமரிப்புக்கும் பயிற்சிக்கும் தனியாகத் தொகை ஒதுக்குங்கள். பரிசுக் காசோலையோடு கைவிடப்பட்ட செயலி, அடுத்த ஆண்ட்ராய்டு மாற்றத்தில் திறக்காமல் போய்விடும்.

வெற்றியை மீட்கப்பட்டவர்களின் எண்ணிக்கையால் அளக்காதீர்கள். எச்சரிக்கை வந்த நாளிலிருந்து வீட்டுக்கு ஆள் போன நாள் வரை எத்தனை நாள், ஆறு, பன்னிரண்டு, இருபத்துநான்கு மாதங்களுக்குப் பிறகு அந்தக் குழந்தை பள்ளியில் இருக்கிறதா, வீட்டுக் கடன் தீர்ந்ததா ஆகிய மூன்றையும் ஆண்டுதோறும் வெளியிடுங்கள்.

இந்தக் கோரிக்கைகளில் எவற்றை ஏற்கிறீர்கள், எவற்றை மறுக்கிறீர்கள், மறுப்பதற்குக் காரணம் என்ன என்பதை 30 நாளுக்குள் பொதுவெளியில் எழுத்தில் தெரிவிக்குமாறு கேட்டுக்கொள்கிறோம். பெயர்ப் பொருத்தம், வயதுச் சரிபார்ப்பு, மீட்புக்குப் பிந்தைய கண்காணிப்பு ஆகிய மூன்றுக்கும் விரிவான தேவைப் பட்டியலை எழுதித் தர நாங்கள் ஆயத்தமாக இருக்கிறோம். அதற்குக் கட்டணம் வேண்டாம்.

இப்படிக்கு,
குழந்தைப் பாதுகாப்புக் களப்பணியாளர்களும் மென்பொருள் பணியாளர்களும்